படுக்காத மாடு

அயர்லாந்துல ஒரு பசு இருந்துச்சு. அது படுத்தா மழை வரும்னு அதை வளத்த டோனலுக்கு அப்படியொரு நம்பிக்கை. பசு காலை மடக்கினா போதும், காயப்போட்ட புல்லு மொத்தத்தையும் கழுதை முதுகுல ஏத்தி கொட்டகைக்கு ஓட்டிருவாரு.

முதுகு புண்ணாப்போன கழுதை ஒருநாள் பசுவோட காதுகிட்ட போயி கெஞ்சுச்சு. "அக்கா, உன் கால்ல விழறேன், இன்னைக்கு மட்டும் படுக்காத."

"முட்டி வலிக்குதுடா, அதான் படுக்குறேன். மழையைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"நீ படுக்கலேன்னா மழை வராதுல்ல?"

"அட, அப்போ மழையை நான்தான் வரவைக்கிறேனா?" பசுவுக்கே குழம்பிருச்சு. அந்தக் குழப்பத்துல நின்னுக்கிட்டே இருந்துச்சு.

அன்னைக்குன்னு பாத்து மழை கொட்டித் தீத்துருச்சு. புல்லு பூரா சொதசொதன்னு ஆயிருச்சு.

டோனல் நனைஞ்சுக்கிட்டே ரெண்டையும் மாறி மாறிப் பாத்தாரு. "ஓஹோ! படுக்குறதுல ஒண்ணுமில்ல. காலையில கழுதை போயி பசு காதுல பேசுச்சுல்ல, அப்படிப் பேசினாதான் மழை!"

மறுநாள் நல்ல வெயில். பசு நிம்மதியா படுத்துச்சு. டோனல் திரும்பிக்கூட பாக்கல.

"அக்கா, நேத்து என்னதான் நடந்துச்சு?"ன்னு கேக்க கழுதை அது காதுகிட்ட குனிஞ்சுச்சு.

புல்லைக் கட்டி கழுதை முதுகுல ஏத்த டோனல் கயிறைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரு. ஈரப் புல்லு ரெண்டு மடங்கு கனம்.