எழுபது கிலோ

பொம்மை அசையவில்லை.

தீயணைப்புப் படைத் தேர்வின் கடைசிச் சோதனை அது. மணல் அடைத்த ஆளுயரப் பொம்மைக்குச் சட்டை, கால்சட்டை எல்லாம் மாட்டி, மயங்கி விழுந்தவனைப் போல மைதானத்தில் மல்லாத்திப் போட்டிருந்தார்கள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்க்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் வேலை. இல்லாவிட்டால் அவளுக்கு வயது கடந்துவிடும், அடுத்த முறை என்ற பேச்சே கிடையாது.

ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

அக்குளுக்கடியில் கை கொடுத்து மறுபடி தூக்கினாள். பொம்மை இடுப்புவரை எழும்பி, அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஒரு வாய்ப்பு போயிற்று.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது.

இப்படி ஆக நியாயமே இல்லை. பொம்மை எழுபது கிலோ என்று விண்ணப்பித்த அன்றே சொல்லிவிட்டார்கள். வேலிக்கு வெளியே நிற்கும் அப்பாவும் சொல்லிவைத்தாற்போல எழுபது கிலோ. வேறெங்கே போய்ப் பழகுவது? ஆறு மாதமாகத் தினமும் காலையில் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஆரம்பத்தில் முதல் திருப்பத்திலேயே நாக்குத் தள்ளியது. போன வாரம் மொட்டை மாடிவரை போய், இறக்காமலேயே திரும்பி வந்தாள். உடம்பு தேறிவிட்டது என்று அவளுக்கு ஒரே பெருமை.

"சின்னதுல உன்னை எவ்ளோ தூரம் தூக்கியிருப்பேன், அதுல கழிச்சுக்கோ" என்பார் அப்பா, தலைகீழாகத் தொங்கியபடி.

அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நேராக அதிகாரியிடம் போனாள்.

"சார், பொம்மை கனம் ஜாஸ்தியா இருக்கு."

அவர் முகம் கடுகடுத்தது. நான்கு பேரை அழைத்துப் பொம்மையை எடை மேடையில் ஏற்றச் சொன்னார். மொத்த வரிசையும் எட்டிப் பார்த்தது.

எழுபது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இன்னொரு தடவைதான். தூக்கறியா, கெளம்பறியா?"

மானம் போயிற்று. அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டிய அப்பா, முட்டியை மடக்கு, முட்டியை மடக்கு என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். ஓட்டப் பந்தயத்தை டிவியில் பார்த்தாலே களைத்துப் போகிற மனிதர்.

அவள் போன வாரத்தை மறந்தாள். முதல் நாள் அவரை எப்படித் தூக்கினாளோ அப்படி, முட்டியை மடக்கி, நெஞ்சோடு அணைத்து, மூச்சை அடக்கி எழுந்தாள். பொம்மை தோளுக்கு வந்தது. முதுகுத்தண்டு முறிந்துவிடும் போலிருந்தது. கோடு கிட்டே வருவதாகவே தெரியவில்லை. அழுகையும் கெட்ட வார்த்தையும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு நடந்தாள்.

கோட்டைத் தாண்டிப் பொம்மையோடு விழுந்தாள்.

"பாஸ்" என்றார் அதிகாரி.

வாசலைத் திறந்ததும் அப்பா குழந்தை மாதிரி ஓடி வந்தார். கண்ணெல்லாம் நீர்.

"நம்ம வீட்டு எழுபது கிலோ வீண் போகல பாத்தியா!"

அவளுக்குக் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் சந்தோஷத்தில், பழக்க தோஷத்தில், குனிந்து அவரைத் தோளில் தூக்கினாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அப்பா லேசாகத் தோளுக்கு வந்துவிட்டார். சும்மா வந்துவிட்டார்.

அவள் அப்படியே நின்றாள். பொம்மை அழுத்திய இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதே இடத்தில்தான் அப்பா இருந்தார். பொம்மையோடு ஓர் அடி வைக்கத் திணறியவளால் இவரோடு ஓடவே முடியும்.

அவர் வாயைக் கட்டியதில்லை. எடை குறைந்துவிடக் கூடாதென்று தினமும் இரண்டு முட்டையை அவர் தட்டில் கூடுதலாக வைத்தவளே அவள்தான். நடைப்பயிற்சி என்றால் காத தூரம் ஓடுகிறவர், தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியில்தான் போவார். பிறகு அந்த எடை எங்கே போயிற்று? தினம் பார்க்கிற முகத்தில் எதுவும் தெரியவில்லை.



"போதும்மா, எறக்கு. எல்லாரும் பாக்கறாங்க" என்று அப்பா மேலிருந்து சிரித்தார்.

அவள் இறக்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் தேர்வுக்காக டாக்டர் உட்கார்ந்திருந்த அறையைப் பார்த்து வேகமாக நடந்தாள்.