அத்தானின் அளவு

கனடாவிலிருந்து ஆசையாகச் சுமந்து வந்த, கடலுக்கடியில் மூழ்கும் சுழியோடிகள் போடும் உடுப்பைக் கதிரையில் விரித்ததும் ஜெனோசனின் முகம் சுருங்கிவிட்டது. அக்காவின் கணவர் எமிலியானுஸ் இந்த ஏழு வருடத்தில் இப்படிப் பெருத்திருப்பார் என்று அவன் நினைக்கவில்லை.

“அத்தான், நீங்கள் அனுப்பின அளவுக்குத்தான் வாங்கினனான். இது உங்கடை தோளுக்கே காணாது போல.”

“அளவு சரி மச்சான். இது தோலோடை ஒட்டிக்கிடக்கவேணும். உள்ளுக்கை பூருற கொஞ்சத் தண்ணி உடம்புச் சூட்டிலை சூடாகி அங்கையே நிக்கும். தொளதொளவெண்டு இருந்தால் அது ஓடிப்போய்க் குளிர்தண்ணி வந்திடும்.”

எமிலியானுஸ் உடுப்பை உட்புறம் திருப்பி, துவாய் போன்ற மெத்தென்ற துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“நல்ல சாமான். மார்கழியிலை மத்தியானம் வரைக்கும் கடலுக்கடியிலை கடலட்டை பொறுக்கினாலும் நடுங்காது.”

“அப்ப ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோவன்.”

“இந்தாரும், போட்டுக்கொண்டு வாரும்,” என்று அவர் அதை அறைக்குள் நீட்டினார்.

சற்று நேரத்தில் அக்கா அன்ரனிட்டா வெளியே வந்து நின்றாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரு சுருக்கமும் இல்லை.

“நான் சுழியோடுறன் எண்டால் நீ கத்துவாய் எண்டுதான் சொல்லேல்லையடா,” என்று சிரித்தாள்.

“நான் வள்ளத்திலை எஞ்சின் பிடிக்கிற ஆள்தான் மச்சான்,” என்றார் எமிலியானுஸ்.

ஜெனோசன் தலையில் கைவைத்தான். “ஐயோ அத்தான், நீங்கள்தான் சுழியோடி எண்டு அங்கை எல்லாருக்கும் பெருமையாச் சொல்லிப்போட்டனே!”

“அதுக்கென்ன? நான் இஞ்சை நெடுகலும் உன்ர அக்காவைச் சொல்லித்தான் பெருமையடிக்கிறனான்!”