தாயிருக்கிற பிள்ளை

"நீ சொல்லுறியோ, நான் சொல்லட்டோ?" என்றார் தம்பிராசா, வாழையிலையில் மிஞ்சிக் கிடந்த கடைசி வடையையும் எடுத்தபடி.

"முதல்லை அதை விழுங்குங்கோ அண்ணை. செத்த அம்மாவுக்கு விரதம் பிடிச்ச வாயாலை கதைக்கிற கதையோ உது?" கேதீஸ்வரி பாயசச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அன்று சித்திரை மாதத்துப் பௌர்ணமி, சித்திரைப் பறுவம். தாயை இழந்தவர்கள் பகலில் ஒரு நேரம் மட்டும் உண்டோ, முழுப் பட்டினியாகவோ விரதம் காக்கும் நாள். அண்ணனும் தங்கையும் சண்டையில்லாமல் ஒன்றாக இருந்து சாப்பிடுவது வருசத்தில் இந்த ஒரு நாள்தான். இம்முறை அதுவும் போயிற்று.

"நாளைக்கு அரியாலையிலை இருந்து பத்மாவதியாக்கள் சம்பந்தத்தை முற்றாக்க வருகினம். நிரோஜா நீ பெத்த பிள்ளையில்லை எண்டு அந்த மனிசிக்கு நான் அப்பவே சொல்லிப்போட்டன். அதுக்கென்ன எண்டிட்டுது. ஆனால் பெட்டைக்குத் தெரியாதெண்டால் எப்பிடி? சபையிலை ஆரும் வாய்தவறி விட்டால் என்ரை மூஞ்சையை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

"கொடிகாமம் சந்தைக்குக் கொண்டுவாங்கோ. சொத்தை மாங்காயையே வித்துக் குடுக்கிறவள் நான்."

தம்பிராசா சிரிக்கவில்லை. "சொன்னால் என்ன, ஓடியே போகப்போறாள்?"

"ஓடமாட்டாள். ஆனால் பிறகு என்னை அம்மா எண்டு கூப்பிட முந்தி ஒருக்கால் யோசிப்பாள். நான் செத்துப்போக அது காணும் அண்ணை."

"பின்னேரத்துக்கிடையிலை சொல்லிப்போடு. இல்லாட்டி நாளைக்கு வந்து நானே சொல்லுவன்." கையைக் கழுவிக்கொண்டு அவர் போய்விட்டார்.

கடலோடு யாரும் பேரம் பேச முடியாது. அது ஊருக்குள் வந்த ஆண்டில், கேதீஸ்வரியின் புருசனை விலை சொல்லாமலே எடுத்துக்கொண்டு போனது. மிஞ்சியவர்களைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வைத்திருந்தார்கள். பக்கத்துப் பாயில் ஒருத்தி காயத்தோடு கிடந்தாள். "பிடியுங்கோ அக்கா" என்று கைக்குழந்தையை இவள் மடியில் தள்ளினாள். பேர் என்ன, ஊர் என்ன என்று இவள் கேட்டுக்கொண்டிருக்கவே கண்ணை மூடிவிட்டாள். பிள்ளையைத் தேடி ஒருவரும் வரவில்லை. கேதீஸ்வரி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கொடிகாமம் வந்தாள். மாங்காயும் தேங்காயும் விற்று வளர்த்தாள்.

புதுச் சனத்தைப் பற்றி அயல் குசுகுசுக்காமல் விடுமா? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். சந்தையில் நல்ல பழத்தை மேலே அடுக்குகிறவள் அல்லவா? ஒவ்வொரு சித்திரைப் பறுவத்துக்கும் வேலிக்கு மேலால் கேட்கும்படி கத்துவாள்: "நிரோஜா, சாப்பிட வா! விரதம் எனக்கு. தாயிருக்கிற பிள்ளை இண்டைக்குப் பட்டினி கிடக்கக் கூடாது!"

"கட்டித் தாங்கோ அம்மா, கொண்டுபோறன்" என்பாள் மகள். முன்பு பள்ளிக்கூடத்துக்கு, இப்போது யாழ்ப்பாணத்தில் அவள் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு.

பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வந்த நிரோஜாவின் முகம் வாடிக் கிடந்தது. கேதீஸ்வரி மத்தியானம் முழுக்க ஒத்திகை பார்த்த சொற்களை அப்படியே தள்ளி வைத்தாள். குசினிக்குள் போய்ப் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் போட்டுக்கொண்டு வந்தாள்.

"பசிக்கேல்லை அம்மா."

"மத்தியானம் என்ன சாப்பிட்டனி?"

"சாப்பாட்டைக் கடையிலை ஒரு அக்காவுக்குக் குடுத்திட்டன்."

"நல்லாயிருக்கு! நாளைக்கு வாற மாமியாரை நினைச்சு இப்பவே வயிறு கலங்குதோ? வந்து பாக்கேக்கை காய்ஞ்ச முருங்கைக்காய் மாதிரி நிண்டால், பத்மாவதி பொம்பிளையை விட்டிட்டு என்னைக் கேக்கப்போறா. திற வாயை."

நிரோஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கேதீஸ்வரி புட்டுக் கோப்பையோடு அவள் அருகில் இருந்தாள். "உனக்கு ஒண்டு சொல்லவேணும் பிள்ளை."

"எனக்கும் ஒண்டு சொல்லவேணும். நான் முதல் சொல்லுறன். ஏசக் கூடாது."

"சொல்லு."

"நானும் விரதம் அம்மா."

புட்டோடு நீண்ட கை அந்தரத்தில் நின்றது.

"மாமாவுக்கு மெல்லக் கதைக்கத் தெரியாதே. சின்னனிலேயே எல்லாம் கேட்டிட்டன். நீங்கள் மறைச்சதாலை நானும் மறைச்சன்."

"இவ்வளவு காலமும்..."

"அது இல்லை அம்மா. வேறை ஒரு பாவம் செய்துபோட்டன்." நிரோஜா நிலத்தைப் பார்த்தாள். "பன்னிரண்டு வயசிலை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கோயிலிலை மோட்ச அருச்சனைக்குப் போய் நிண்டன். செத்த தாயின்ரை பேர் என்ன எண்டு ஐயர் கேட்டார். எனக்கு ஒரு அம்மாவின்ரை பேர்தானே தெரியும்? பயத்திலை உங்கடை பேரைச் சொல்லிப்போட்டன். பிறகு வருசா வருசம் அதுதான். இண்டைக்குக் காலமையும்..." குரல் உடைந்தது. "உயிரோடை இருக்கிற உங்களுக்கு! கலியாணம் முடிச்சுப் போக முந்தி இதைச் சரியாக்கவேணும். என்னைப் பெத்தவவின்ரை பேரைச் சொல்லுங்கோ, மாத்திக் குடுக்கிறன்."

கொடுப்பதற்குக் கேதீஸ்வரியிடம் ஒரு பெயரும் இல்லை.

மகளின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டாள்.

"மாத்தாதை பிள்ளை" என்றாள். "உன்னைப் பெத்த மனிசிக்கு என்ரை பேரே கிடக்கட்டும்."