வெங்காய விலை

வானொலியில் வருடக்கணக்காகச் செய்தி வாசித்த சற்குணத்துக்கு, பக்கவாதம் வந்தபின் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது: 'இன்று'. பசித்தாலும் இன்று, முதுகு வலித்தாலும் இன்று. அவர் மனைவி ரூபவதி முதலில் திண்டாடித்தான் போனாள். பிறகு பரணிலிருந்து அவருடைய பழைய செய்தி கேசட்டுகளை இறக்கிப் போட்டுக் கேட்டாள். தலைவர் இறந்தபோது சொன்ன 'இன்று' ஒரு தொனி, பள்ளிகளுக்கு விடுமுறை விட்ட 'இன்று' வேறு தொனி. அந்த விடுமுறை 'இன்று' வந்தால் காப்பி கேட்கிறார். புயல் கரையைக் கடந்த 'இன்று' வந்தால் மூச்சு முட்டுகிறது, தூக்கி உட்காரவைக்க வேண்டும். அணை நிரம்பிய 'இன்று' வந்தால் மூத்திரப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

மகள் ஜெபா வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, ரூபவதி அவருக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அவர் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்து, "இன்று" என்றார்.

சீப்பு அப்படியே நின்றது. இது எந்தக் கேசட்டிலும் இல்லாதது. கல்யாணத்துக்கு மறுநாள் காலை, லீவு கிடைக்காமல் வேலைக்குப் போனவர், வெங்காய விலை உயர்ந்த செய்தியைச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தபோது சொன்னது. மாமியார் வீட்டு அடுப்படியில் ரேடியோ கேட்டபடி தோசை வார்த்துக்கொண்டிருந்த புதுப்பெண்ணுக்கு மட்டும்தான் அந்தச் சிரிப்பு யாருக்கென்று தெரியும்.

"யம்மா, அப்பா என்ன சொல்லுதாவ?" என்றாள் ஜெபா.

ரூபவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லட்டி. வெங்காயம் வெல ஏறிட்டாம்."