மேழியின் உயரம்

போருக்கு ஆள் எடுக்கும் லாரி மறுநாள் காலையில் வரவிருந்தது. சடையப்பன் அன்று மாலை முழுவதும் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து கலப்பையின் கைப்பிடியான மேழியைச் சீவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி செங்கமலத்துக்குக் கோபம் வந்தது.

"விடிஞ்சா லாரி வருது, இப்பவும் பேச ஒரு வார்த்தை இல்ல. மரத்தைத்தான் கொஞ்சணுமா?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குது, புள்ள" என்றான் அவன்.

மழை பெய்தபோது ஊரில் ஆண்கள் இல்லை. பெண்கள் ஏரைத் தொடக் கூடாது என்ற வழக்கத்தை யாரும் மாற்றவில்லை. ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் பிள்ளைகள் பட்டினி கிடக்கும் என்பதால் எல்லாரும் தொட்டார்கள். புருஷன்மாரின் உயரத்துக்குச் செய்த மேழிகள் அவர்கள் நெஞ்சில் இடித்தன. ஏரின் இரும்பு முனையான கொழு, மண்ணில் இறங்க மறுத்தது. செங்கமலத்தின் ஏர் மட்டும் நேராக ஓடியது.

"என்னடி மாயம்? மந்திரிச்சு வச்சிருக்கியா?" என்று பக்கத்து வயலிலிருந்து பூவாயி கத்தினாள்.

அப்போதுதான் செங்கமலம் நின்று பார்த்தாள். மேழி அவள் இடுப்பளவில், கை தானாகப் போய் விழுகிற இடத்தில் இருந்தது. அவளுடைய சிறிய பிடிக்கு ஏற்ப மெலிந்திருந்தது. அந்த மாலை அவன் அடிக்கடி நிமிர்ந்து அவள் நிற்பதைப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

மேழியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இனி அவன் இதைப் பிடித்து உழ வேண்டுமென்றால் நன்றாகக் குனிய வேண்டியிருக்கும். முதுகு வலிக்கும். திட்டுவான்.

"வந்து திட்டுய்யா" என்று வாய்விட்டுச் சொன்னாள். தங்களைத்தான் விரட்டுகிறாள் என்று மாடுகள் நடக்கத் தொடங்கின.