பூட்டில்லாத சுவிட்ச்

மாலை வெளிச்சம் ஜன்னலோடு நின்றுவிடுகிறது. லிஃப்ட் மெக்கானிக் வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். விசாரணைக் கடிதத்தில் அவர் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் ஆங்கிலச் சொல்லை மகள் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்து, அகராதியைப் புரட்டுகிறாள். "எக்ஸானரேட்டட்னா பழி நீங்கினவர்னு அர்த்தம்ப்பா. லத்தீன்ல ஓனஸ்னா சுமையாம். சுமைய இறக்கி வைக்கிறதுலேருந்து வந்த சொல்லாம்." லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி அதில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கூட வேலை பார்த்த கூட்டாளி விபத்தன்று மாட்டாமலே குழிக்குள் இறங்கியிருந்தார். பூட்டுதான் இல்லையே என்று இவர் சுவிட்சைப் போட்டார், லிஃப்ட் இறங்கியது. தப்பு செத்தவருடையது என்று கடிதம் முடித்துவிட்டது. "அதான் உங்க மேல தப்பில்லன்னு எழுதிட்டாங்களேப்பா," என்கிறாள் மகள். "பூட்டு இல்லன்னா என்ன? ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல நான்?" மகள் அகராதியின் மடங்கிய ஓரத்தை நீவிக்கொண்டிருக்கிறாள். எழுத்துகள் மங்குகின்றன. "லைட்டப் போடுங்கப்பா." எழுந்து போய்ச் சுவிட்சில் விரல் வைக்கிறார். அழுத்தவில்லை. ஆளில்லாத சமையலறைப் பக்கம் திரும்பி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்கிறார்.