மயில்நீல ரிப்பன்

தீபாவளியன்று காலை, எலி மருந்து கலந்து செய்த பாதுஷாக்களைப் பெட்டியில் அடுக்கி, மயில்நீல ரிப்பன் கட்டி, எதிர் வில்லா திலோத்தமாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள் சாருமதி. குடியிருப்புச் சங்கத் தலைவி பதவியைத் திலோத்தமா தட்டிப் பறித்ததைக்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால் கணவனுக்குத் தெரியாத சாருமதியின் ரகசியம் ஒன்று திலோத்தமாவிடம் சிக்கியிருந்தது. அவள் வாயைத் திறந்தால் மானம் சந்தி சிரிக்கும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. 'அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே!' ஓடிப்போய்ப் பிடுங்கி வரவும் துணிச்சலில்லை. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், வெடிச்சத்தத்தையெல்லாம் அலறலென்று நினைத்துத் துடித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கடைசி வில்லா ஹேமா வந்தாள். கையில் அதே பெட்டி, அதே ரிப்பன், சாருமதி போட்ட அதே முடிச்சு.

"நானே செஞ்சேன்க்கா" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எல்லாரும் டயட்டில் இருக்கிற தெருவில் வந்த இனிப்பை யார் பிரிக்கிறார்கள்? சாருமதியே எத்தனை பெட்டிகளை இப்படித் தள்ளிவிட்டிருக்கிறாள்! ஹேமாவைக் கட்டிக்கொண்டு அழலாம்போல் இருந்தது.

அத்தனையையும் தோட்டத்தில் ஆழமாகப் புதைத்துவிட்டு உள்ளே வந்தபோது, போன உயிர் திரும்பியிருந்தது. கூடவே அகோரப் பசி. காலையில் திலோத்தமா பதிலுக்குக் கொடுத்த மைசூர்பாகு மேசையில் இருந்தது. நின்றபடியே இரண்டு துண்டு தின்றாள். அமிர்தம்.

போன் அடித்தது. திலோத்தமாதான். குரலில் என்றைக்கும் இல்லாத கனிவு.

"அக்கா, நான் குடுத்த மைசூர்பாகைச் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேனே. ரொம்ப நல்லாயிருந்துச்சு."

"அப்பாடா" என்றாள் திலோத்தமா.